தாய் பார்த்த ஒரே ஆட்டம்

எங்கள் வீட்டில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து வீரன் குடியிருந்தான் என்று சொன்னால் எங்கள் புறநகர் டார்னெய்ட்டில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர் அவனை நேரில் பார்த்தவர்கள், அவர்களிடம் நான் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆறடி எட்டு அங்குலம். முதல் நாளே எங்கள் குசினி வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டான். என் மனைவி ஐஸ் கட்டியோடு ஓடிப்போனாள். அவன் குனிந்து நிற்க, அவள் குதிக்காலை உயர்த்தி ஒத்தடம் கொடுத்ததுதான் எங்கள் அறிமுகம்.

மகள் விளையாடும் கிளப்பில் பெரியவர்கள் அணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரர்களை எடுப்பார்கள். அவர்களுக்கு இங்கே 'இம்போர்ட்' என்று பெயர், துறைமுகத்தில் இறக்கிய பெட்டி மாதிரி. உண்மையில் அகதியாகப் படகில் வந்து இறங்கியவன் நான்தான், அவன் கௌரவமாகப் பிளேனில் வந்தவன். ஓர் அணியில் இரண்டு இம்போர்ட்டுக்குத்தான் இடம். அவர்களைச் சீசன் முடியும்வரை கிளப்பைச் சேர்ந்த ஏதாவது குடும்பத்தோடு தங்கவைப்பார்கள். யார் வீட்டில் அறை காலி என்று கேட்டபோது எங்களைக் கேட்காமலே மகள் கையைத் தூக்கிவிட்டாள். நான் கத்தியதற்கு, "டாட், இட்ஸ் ஜஸ்ட் வன் ரூம்" என்றாள். அந்த அறையில் கட்டில் அவனுக்கு முழங்கால்வரைதான் எட்டியது. பழைய கதிரை ஒன்றைக் கால்மாட்டில் சேர்த்து, மேலே பஞ்சுத் தலையணை போட்டு ஒருவாறு சமாளித்தேன்.

அவன் பாலஸ்தீனன், மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பத்து வருடமாகப் பந்துதான் தொழில். சைப்ரஸ், ருமேனியா, பஹ்ரைன் என்று போன இடங்களை அவன் அடுக்கும்போது எனக்கு வேலைதேடி அலைந்த என் சொந்தக்காரர்களின் ஞாபகம்தான் வரும். தொலைக்காட்சியில் காட்டும் கோடீஸ்வர வீரர்கள் வேறு சாதி. இவன் வருடத்துக்கு ஒரு நாடு, சீசனுக்கு ஓர் ஒப்பந்தம், அதற்கு ஒரு விசா என்று ஓடியவன். விசா என்ற சொல் வந்தாலே எங்கள் இருவர் முகமும் ஒரேமாதிரிச் சுருங்கும்.

எங்கள் பேச்சு முழுக்க உடைந்த ஆங்கிலம்தான். அவன் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது. மகளின் தோழிகளைப் பார்த்து அவனும் எங்களை அன்ரி, அங்கிள் என்றே கூப்பிடப் பழகிவிட்டான். ஹலால் இறைச்சிக்கு மனைவி நம்மவர் ஒருவரின் கடையைப் பிடித்துவைத்திருந்தாள். காத்தான்குடி முஸ்லிம் அவர், இவன் பாலஸ்தீனன் என்று அறிந்த நாளிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, அவன் புட்டுக்கு மேல் ஒலிவ் எண்ணெய் ஊற்றிய காலைவரை. மனைவி இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் தானும் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்ததை நான் கண்டேன், வாயைத் திறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆட்கள் அவனைச் சூழ்ந்து, "உங்கட பக்கம் இப்ப எப்பிடி?" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். அவன் சிரித்து, "கஷ்டந்தான்" என்பான். முதல் சில வருடங்கள் வேலைத்தளத்தில் என்னிடமும் இப்படித்தான் கேட்டார்கள். ஒரு பியரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவனுக்கு எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது? அதனால் நான் ஒருநாளும் அவனிடம் கேட்கவில்லை. அவன் மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டால் செய்தியை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட்டைப் போடுவேன். கிரிக்கெட் அவனுக்கு விளங்கவே இல்லை. ஐந்து நாள் விளையாடிவிட்டு யாரும் வெல்லவில்லை என்றால் எதற்கு விளையாடுகிறீர்கள் என்று கேட்பான்.

அவனுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவன் தாய் அவன் ஆட்டத்தை நேரில் பார்த்ததே இல்லை. சிறுவயதில் ஊரிலிருந்த பந்துத் திடலுக்கு அவ வரவில்லை, வீட்டில் வேலை, பெண்கள் போகிற இடமும் இல்லை. தொழிலாக விளையாடத் தொடங்கிய பிறகோ எல்லா ஆட்டமும் தூரதேசத்தில். அவ போனில் பார்ப்பா. பாதியில் இன்டர்நெட் அறுந்துபோகும். "எறும்புகள் ஓடிற மாதிரித் தெரியுதாம்" என்றான். "அதிலை எந்த எறும்பு நான் எண்டு கேக்கிறா."

ஜூலையில் அவர்கள் நாட்டு அணிக்கு ஒரு தகுதிகாண் ஆட்டம் வந்தது. சொந்த ஊரில் நடத்த வழியில்லாததால் அவர்களின் 'ஹோம் கேம்' ஜோர்தானில். ஊரிலிருந்து எல்லைப் பாலத்தைக் கடந்தால் ஜோர்தான். பாலம் திறந்திருந்தால், மறிக்காமல் விட்டால், தாய் வரலாம். அணியில் அவன் பெயரும் இருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அவன் மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாவி இறங்கினான். மறுபடி நெற்றி இடிபட்டது, அவன் கவனிக்கவே இல்லை.

ஆனால் அதே வாரம்தான் எங்கள் கிளப்புக்கு முக்கியமான கடைசி இரண்டு லீக் ஆட்டங்கள், வென்றால்தான் இறுதிச்சுற்று. பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு நயமாகச் சொன்னார்: போவது உன் உரிமை, ஆனால் இடத்தைக் காலியாக வைத்திருக்க என்னால் முடியாது, வேறு இம்போர்ட்டைப் பார்ப்பேன். இங்கே ஒப்பந்தம் முறிந்தால் விசாவும் அதோடு போய்விடும். அவன் வயதில் இன்னொரு கிளப் கிடைப்பது லேசில்லை.

நான் போகாதே என்றேன். மூக்கை நுழைக்கக் கூடாத இடம்தான், ஆனாலும் சொன்னேன்.

"தம்பி, விசர் வேலை பாக்காதை. அடுத்த வருசமும் உங்கட ரீம் விளையாடும். இந்தக் கிளப் போனால் போனதுதான்."

"அடுத்த வருசம் பாலம் திறந்திருக்குமெண்டு நீங்கள் சொல்லுவியளோ, அங்கிள்?"

மனைவி அடுப்படியில் நின்றபடியே, "இஞ்சருங்கோ, நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள். "உங்களுக்குப் போக வழியில்லாமல் இருந்தது. அவனுக்கு இருக்கு. போகட்டும்." அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் அம்மா இறந்தபோது நான் தற்காலிக விசாவில் இருந்தேன். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

அவன் போனான். தாயும் பாலத்தைக் கடந்து வந்துவிட்டா என்று செய்தி அனுப்பினான். ஆட்டம் நடந்த நேரம் எங்களுக்குச் சாமம், அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதிவைப் போட்டுப் பார்த்தோம். முடிவை யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று மகளுக்குக் கட்டளை. தேசிய கீதத்தின்போது வரிசையில் அவன் நின்றான், நெஞ்சில் கை. மனைவி, "மெலிஞ்சு போனான்" என்றாள், போய் நாலு நாள்கூட ஆகவில்லை. நாலு கட்டத்தில் முதலாவது முடிந்தது, அவனை இறக்கவில்லை. இரண்டாம் கட்டமும் இல்லை. அவர்கள் நாட்டு அணிப் பயிற்சியாளர் இளம் பொடியன்களையே மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். கமெரா எப்போதாவது பெஞ்சுப் பக்கம் திரும்பினால் அவனுடைய தோளும் முகம் துடைக்கும் ஒரு துவாயும் தெரியும். ஆட்டம் முடிந்தது, தோற்றார்கள். புள்ளிவிபரத்தில் அவன் பெயருக்கு நேரே, விளையாடவில்லை என்று இருந்தது. நான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். எனக்கு அழுகை வராத குறை. பத்து வருடத்தில் தாய் வந்த ஒரே ஆட்டம், அதிலும் மனுசனை உட்காரவைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது இங்கே அவன் இடத்தில் அமெரிக்கன் ஒருவன் இருந்தான். கிளப்பில் திரும்பி வந்தவனை யாரும் திட்டவில்லை, எல்லோரும் கட்டிப்பிடித்து நல்வார்த்தை சொன்னார்கள். சைப்ரஸில் பழைய கிளப் ஒன்று அரை மனதோடு வரச் சொல்லியிருந்தது. போவதற்கு முதல்நாள் பின்னேரம் குசினியில் எங்களோடு உட்கார்ந்தான். அதுவரை அந்த ஆட்டத்தைப் பற்றி நாங்கள் யாரும் பேச்செடுக்கவில்லை. என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கோச்சுக்குக் கண் இல்லையோ?" என்றேன். "தாய் வந்திருக்கிறா எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இரண்டு நிமிசமாவது விட்டிருப்பான்."

அவன் தேநீரைப் பார்த்தபடி இருந்தான். "பாதி நேரத்திலை அம்மா திடலோரக் கம்பிக்குக் கிட்ட வந்தவ" என்றான். "அதுவரைக்கும் நானும் கோபத்திலைதான் இருந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, உங்களை இவ்வளவு தூரம் அலைய வைச்சிட்டன் எண்டன். அவ சிரிச்சுச் சொல்லுறா: ஊரிலை சந்தையிலை, கலியாணவீட்டிலை உன்னைத் தேடத் தேவையில்லை, தலை மேலை தெரியும். இங்கை எல்லாரும் உன்னை மாதிரி நெட்டையன்கள், ஓடித் திரிஞ்சால் எனக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியாது. நல்லகாலம் நீ ஒரு இடத்திலை இருக்கிறாய் எண்டு."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், அவன் முகம் சிரிப்பதாக இல்லை.

"கடைசிக் கட்டத்திலை எங்கட பொடியன் ஒருத்தனுக்கு ஃபவுல் கூடி வெளியிலை போகவேண்டியதாப் போச்சு. கோச் எங்கட பக்கம் திரும்பினார். என்னைத்தான் பாத்தவர், அங்கிள். நான் குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டினன். அவர் பக்கத்திலை இருந்தவனைக் கூப்பிட்டார்."

"லேஸ் அவிண்டிருந்ததோ?"

"இல்லை."

எனக்கு உச்சி கொதித்தது. இந்த ஆட்டத்துக்காகக் கிளப்பை விட்டான், விசாவை விட்டான், அடுத்த மாதம் எந்தக் கூரைக்குக் கீழே தூங்குவான் என்று தெரியாமல் நிற்கிறான். அந்த ஆட்டத்தில் இறங்கச் சொல்லிக் கண்காட்டினால் குனிந்து லேஸ் கட்டியிருக்கிறான்! "உனக்கென்ன மூளை கழண்டுபோச்சோ?" என்று கத்தினேன். "பத்து வருசம் இதுக்குத்தானே காத்திருந்தனி!"

"ஓம்" என்றான், ஆமாம் என்பதற்கு எங்களிடம் கற்ற தமிழ் 'ஓம்'தான். "நிமிர்ந்து பாத்தன். அவ என்னையே பாத்துக்கொண்டிருந்தா. ஸ்கோரைப் பாக்கேல்லை, பந்தைப் பாக்கேல்லை. எழும்பினால் அவ என்னைத் துலைச்சுப்போடுவா எண்டு நினைச்சன்."

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

என் அம்மாவின் செத்தவீட்டை நான் போனில்தான் பார்த்தேன். அங்கே மச்சான் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனும் அழுதான், கை நடுங்கியது, பின்னால் நின்றவர்கள் அவனை இடித்தார்கள். எனக்குப் பந்தல் தெரிந்தது, ஆட்களின் முதுகு தெரிந்தது, மாலை தெரிந்தது. நான் இங்கே வேலைசெய்த வெயார்ஹவுஸின் கார் பார்க்கில் நின்றுகொண்டு, "ஆட்டாமல் பிடியடா, ஒரு நிமிசம் ஆட்டாமல் பிடி" என்று கத்தினேன், கெஞ்சினேன். அவன் பாவம், என்ன செய்வான். பெட்டியை மூடும்வரை அம்மாவின் முகத்தை நான் ஒருதரமும் முழுதாகப் பார்க்கவில்லை.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், அது எனக்கு எப்போதும் வராத காரியம். கையை நீட்டி அவன் தோளைப் பிடித்தேன். உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அது எட்டும்.

"நல்ல வேலை செய்தனி, தம்பி" என்றேன்.