இருபது தாள் உப்புமல்லி

ஜெயபாலன் சேதுபதியை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் காஜா பேராங் தாவர ஆய்வு அலுவலகத்தின் பின்கட்டில் பழைய செய்தித்தாள்களைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பேப்பரத் துவைக்கிறீங்களாண்ணே?"

"ஆமா. நேத்து சேதியில அழுக்கு அதிகம்" என்றவர் திரும்பினார். வந்தவன் கழுத்தில் டை. மடித்துக் கட்டிய கைலியை அவசரமாக இறக்கிவிட்டார். "மன்னிச்சுக்குங்க தொரை."

"தொரையெல்லாம் ஊருக்குப் போயாச்சு. நான் ஜெயபாலன்."

ஐம்பத்தேழாம் வருடம், சுதந்திரம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சிங்கப்பூரில் பட்டம் வாங்கிவந்தவன் ஜெயபாலன். வெள்ளைக்காரத் துரையின் நாற்காலியில் அவன் உட்கார்ந்ததில் அவனைவிட சேதுபதிக்குத்தான் பெருமை அதிகம். செடிகளைத் தாளுக்கு நடுவே அழுத்தி, ஈரம் இழுத்த தாளை மாற்றி மாற்றி, பூ நிறம் கெடாமல் காயவைப்பது அவருடைய வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தார்.

ஒரு நாள் காலையில் கடிதம் ஒன்று வந்தது. கிளேபாங் கரையோரம் மண் கொட்டிச் சாலை போடப்போகிறார்கள். அங்கே காப்பாற்ற வேண்டிய செடி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஜெயபாலன் பதிவேட்டைப் புரட்டி வாய்விட்டுப் படித்தான். "உப்புமல்லி. ஏராளம்." பேனாவைத் திறந்தான்.

காப்பி கொண்டுவந்த சேதுபதி அப்படியே நின்றுவிட்டார்.

"சார், அந்த எழுத்து தப்பு."

"தொரை எழுதினது தப்பா?"

"எழுதினது தொரை. சொன்னது நானு."

நாற்பத்தொன்பதாம் வருடம் அது. மணலில் படர்ந்து வெள்ளையாகப் பூத்திருந்த அந்தச் செடியைக் காட்டித் துரை, "இது நிறைய இருக்கா?" என்று கேட்டார். சேதுபதி அதை மூன்றே இடத்தில்தான் பார்த்திருந்தார். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர் வாயில், துரை கேட்டால் 'இல்லை' என்ற சொல் வராது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு பால்வெட்ட நின்றாலும், "உடம்பு தேவலையா?" என்றால் "தேவல தொரை" என்பதுதான் பதில். அதே பழக்கத்தில், "நெறைய இருக்கு தொரை" என்றார்.

துரைக்கு மகிழ்ச்சி. அப்படியானால் தாளுக்கு ஒரு செடியாக, வேரோடு காயவைத்து இருபது தாள் வேண்டும் என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, கிளேபாங்கிலிருந்து தஞ்சோங் கிளிங்வரை மூன்று நாள் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பெயர்த்தார். பத்தொன்பதுதான் தேறியது. பெரிய செடி ஒன்றை இரண்டாகப் பிய்த்து இருபதாக்கினார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பின்னால் நாலைந்து பொடிக் கன்றுகளை மட்டும், தாளுக்கு உதவாது என்று விட்டுவந்தார்.

ஜெயபாலன் பேனாவை மூடினான். அவன் சிரிக்கவில்லை. அவன் அப்பாவும் அப்படித்தான் பதில் சொல்லுவார்.

அன்றைக்கே இருவரும் கிளேபாங்குக்குப் போனார்கள். அந்தப் படகின் பின்னால் எண்ணிப் பார்த்ததில் ஒன்பது செடிகள் இருந்தன. "கரை முழுக்க இவ்ளோதான் சார். வருசாவருசம் வந்து பாக்கறேன்" என்றார் சேதுபதி. 'ஏராளம்' என்பதை 'அழியும் நிலை' என்று மாற்ற வேண்டும், அங்கே மண் கொட்டக் கூடாது என்று ஜெயபாலன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினான்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சேதுபதிக்காக அதைத் தமிழில் சொன்னான். ஒரு கடைநிலை ஊழியரின் வாய்ச்சொல் போதாது. அதே கரையிலிருந்து எடுத்த இருபது தாள்கள் வேரோடும் பூவோடும் அலமாரியில் இருக்கின்றன. அத்தனை கிடைத்த செடி அரியதாக இருக்க முடியாது. சாலை வேலை நடக்கலாம்.

சேதுபதி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் காயவச்சது அவ்ளோ நல்லா இருக்காமா?"

"ஆமாண்ணே. ஒரு இதழ்கூட உதிரலயாம்."

"ஒன்பதையும் பேத்து எடுத்துட்டு வந்து இங்க நட்டு வைக்கலாமா சார்?"

"போங்கண்ணே. இப்பவே போங்க."

பிஸ்கட் டின்னும் கொத்துக்கரண்டியுமாகச் சைக்கிளை மிதித்தார். படகு இருந்த இடத்தில் இடுப்பளவு செம்மண் கிடந்தது. முந்தின நாளே கொட்டிவிட்டார்கள். இடத்தைக் குத்துமதிப்பாகக் கணித்துக் கையால் தோண்ட ஆரம்பித்தார்.

"என்ன மாமா, காசு கீசு விழுந்துருச்சா?" என்றான் லோரிக்காரன்.

"ஒரு செடிப்பா."

"செடிதானே. ரோட்டோரமா நல்ல பூச்செடியா வைக்கப் போறாங்களாம். அப்புறமா வந்து ஒன்னு புடுங்கிட்டுப் போ."

சேதுபதி தோண்டிக்கொண்டே இருந்தார். அடுத்த லோரி பின்பக்கமாக வந்து ஹாரன் அடித்தது. எழுந்து ஒதுங்கி நின்றார்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். உப்புமல்லியை அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் பார்க்கவில்லை. சேதுபதி இப்போது புக்கிட் ரம்பாயில், மகள் அஞ்சலை வீட்டில் இருக்கிறார்.