சித்தப்பா பேசிய ஆங்கிலப் படம்

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. தொண்ணூற்றொன்றில், காணும் பொங்கலன்று, சுங்குவார்சத்திரத்திலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தவர், தெருவே காத்திருந்த தமிழ்ப் படத்தை விட்டுவிட்டு ஒரு குதிரைக்காரப் படத்தைக் கொண்டுவந்தார்.

"இன்னாடா இது, ஒருத்தன் மூஞ்சியும் தெரிஞ்ச மூஞ்சியா இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"கம்முனு பாரு பெரிம்மா. கடசீல நீயே அழுவ."

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்க அப்பா விடவில்லை. அன்று அத்தை கைக்குழந்தையோடு வந்து, நான்கு வீடு தள்ளித் தோழி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். படம் முடியும்போது அப்பா மனம் இளகியிருக்கும், அந்தச் சூட்டோடு அவளைக் கூட்டிவந்துவிடலாம் என்பது சித்தப்பாவின் திட்டம். எனக்கும் அது தெரியும். திட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய மொழிபெயர்ப்பில்தான் இருந்தது.

கதை எளிமையானது. மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் பிடிவாதக்காரக் கிழவர். அவருடைய மகள், குதிரை பழக்குகிறவனோடு போய்விடுகிறாள். படத்தில் யாராவது வாயைத் திறந்தால் போதும், சித்தப்பா டெக்கை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். கிழவர் "நோ" என்றார். சித்தப்பா, "உன்ன தோள்ல தூக்கி வளத்தேனேம்மா, என் நெஞ்சு பத்திகினு எரியுதேன்றாரு" என்றார்.

கான்வென்டில் நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்குத் தாங்கவில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, அவர்கள் சொன்னதை இந்தப் பக்கமும் சித்தப்பா சொன்னதை அந்தப் பக்கமும் எழுதினேன். பாதிப் படத்துக்குள் பதினேழு பிழை.

"சித்தப்பா, அவரு அப்டி சொல்லவே இல்ல."

"உனுக்கு இன்னாடி தெரியும்? மூடிகினு பாரு."

இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், அவர் பேசியிருக்கவே வேண்டாம். மகள் போன பிறகும் கிழவர் அவளுடைய தட்டைத் தினமும் துடைத்து மேஜையில் வைப்பார். அதற்கு வசனமே கிடையாது. பெரியம்மா அதற்கே மூக்கைச் சிந்திவிட்டாள். வாசற்படியில் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பா, எப்போது பாய்க்கு வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் பனி கொட்டுகிறது. மகள் குழந்தையோடு வண்டியில் வந்து நிற்கிறாள். கிழவர் வெகுநேரம் பார்க்கிறார். பிறகு இறங்கி வந்து, அவள் கையிலிருந்த கடிவாள வாரை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்கிறார்.

டெக் நின்றது. "இது உன் வூடும்மா, இனிமே எங்கியும் போவாதன்றாரு" என்றார் சித்தப்பா. அவர் குரலே உடைந்திருந்தது.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அப்டியா சொன்னான்?"

கடைசியில் ஒருவராவது சரியான ஆளிடம் கேட்டாரே என்று இருந்தது. "இல்லப்பா. குதிரைக்குத் தண்ணி வெக்கச் சொன்னாரு."

சித்தப்பா என்னை அடித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"நல்லாக் கேட்டியா?" என்றார் அப்பா. "அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

என் பொறுமை போய்விட்டது. எழுந்துபோய் நானே டேப்பைப் பின்னால் ஓட்டி, மூன்று முறை போட்டுக் காட்டினேன். மூன்று முறையும் கிழவர் வாரை வாங்கிக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் கேட்டார். "வாட்டர்னா தண்ணிதானப்பா!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும் என்று எழுந்துபோனார். அத்தை நாலு மணி பஸ்ஸில் திரும்பிப் போனாள். அடுத்து அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது, அந்தக் குழந்தை தன் செருப்பைத் தானே கழற்றி ஓரமாக வைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

இன்று ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், உதிரிபாகங்களில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. நன்றாகவே செய்கிறேன் என்கிறார்கள். அப்பா இரண்டாம் முறை கேட்டது என் ஆங்கிலத்தின் மேல் இருந்த சந்தேகத்தால் என்றுதான் அன்று நினைத்தேன்.