மேற்குச் சுவர்

ஜேசுதாஸுக்கு வியர்க்காது. மஸ்கட்டில் கட்டட வேலைச் சாரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் நசுங்கியதில், கை கால்களோடு வியர்வையும் நின்றுபோனது. “சூடு ஏறினா இவர் உடம்பு தானா தணியாது. மயக்கமாகிப் போயிருவார்” என்று டாக்டர் அவர் மனைவி பெமிலாவிடம் சொல்லியிருந்தார்.

அருமனைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. விழுவதற்கு முன் ஜேசுதாஸே நின்று கட்டிய கான்கிரீட் வீடு. படுக்கையறை மேற்கே. ஆனாலும் சுவரை ஒட்டி அடுத்த வீட்டு ராஜையனின் ரப்பர் தோட்டம் நின்றதால் மதிய வெயில் உள்ளே வந்ததேயில்லை.

மாசி கடைசியில் அந்த மரங்களை வெட்டுவதற்காகச் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். பெமிலா ராஜையனிடம் ஓடினாள்.

“அண்ணே, சுவரோரம் நிக்கிய ஒரு வரிசைய மட்டும் விடுங்க. அவருக்க நெலம தெரியும்லா?”

ராஜையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பாலு வத்திப் போச்சு மக்கா. மரத்த மொத்தமா வித்தாச்சு. இனி எனக்க கையில இல்ல.”

மரங்கள் விழுந்தன. இருட்டிய பிறகும் அந்தச் சுவரில் கை வைக்க முடியவில்லை. பெமிலா சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளி ஓலைத்தட்டி கட்டினாள். மொட்டைமாடியில் சாக்குகளை விரித்து நனைத்தாள். பகலில் ஜன்னல்களைச் சாத்தி, வெயில் தாழ்ந்ததும் திறந்தாள். ஃபேனும் சுற்றியதால் ஒருவாறு சமாளிக்க முடிந்தது.

சித்திரையில் ஒரு மாலை பேய்க்காற்று அடித்தது. மழை இல்லை. தேக்கு ஒன்று வழியை மறித்து மின்கம்பிமேல் விழுந்தது. கரண்டு போனது. நாளைக்கு வரும் என்றார்கள். வரவில்லை. மோட்டாரும் ஓடாததால் கிணற்றில் இறைத்து இறைத்து அவள் உள்ளங்கை உரிந்தது.

அதற்கும் மறுநாள் மத்தியானம் ஜேசுதாஸ் சொன்னார்: “பெமி, ஒரு போர்வ எடு. குளிருது.”

அவள் கழுத்தைத் தொட்டாள். கொதித்தது. தோல் காகிதம்போலக் காய்ந்திருந்தது.

“சாரத்த இறுக்கிக் கெட்டுங்கலே” என்று அவர் யாரையோ அதட்டினார். அறையில் அவளைத் தவிர யாருமில்லை.

அவள் போட்ட கூச்சலில் ராஜையன் ஓடி வந்தார். மரம் கிடந்த வழியில் ஆம்புலன்ஸ் வராது. இருவரும் அவரைப் பாயோடு தூக்கி, இறக்கத்திலிருந்த சபைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மிஷன் காலத்துக் கட்டடம். முழங்கை நீளத்துக்குக் கனமான கல்சுவர், உயரத்தில் ஓட்டுக்கூரை. உள்ளே நுழைந்ததும் காலடித் தரை குளிர்ந்தது. அங்கே கிடத்தி, ஈரத்துணி போர்த்தி, ராஜையன் பாக்குப்பாளை விசிறியால் நிறுத்தாமல் வீசினார்.

வெகுநேரம் கழித்து ஜேசுதாஸ் கண் திறந்தார். “நான் செத்துட்டனா? கோயில்ல கெடக்கேன்?”

பெமிலா அப்போதுதான் அழுதாள்.

மரத்தை அறுத்து வழி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார். அந்தக் கோடை முடியும்வரை, கோயிலோடு சேர்ந்த கல்சுவர்ப் பாத்திர அறையில் அவர் படுத்துக்கொள்ளப் போதகர் அனுமதித்தார்.

இப்போது தை. ராஜையன் வைத்த புதுக் கன்றுகள் இடுப்பளவுகூட இல்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் அறிவித்தார்: பழைய கோயிலை அடுத்த மாதம் இடித்துவிட்டு, கான்கிரீட்டில் ஏசி வைத்த கோயில் எழும்பும். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பெமிலாவிடம் ஜேசுதாஸ் கேட்டார், “கோயில்ல என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்ல.”

கோடைக்கு இன்னும் நாளிருந்தும் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது.