பெவர்லி எதிர்த்தரப்புக்குப் பேசிய சனிக்கிழமை

பெவர்லி ஸ்கப்பம் என்பவளோடு வாதாடித் தோற்காத ஒரே மனிதன் அவள் கணவன் லென்தான். அவள் எதைச் சொன்னாலும் "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவான். அதற்கு மேல் அவனோடு எப்படிச் சண்டை போடுவது?

லிங்கன்ஷயரின் தட்டை நிலத்தில், முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஸ்கெல்பிதான் அவள் பிறந்து வளர்ந்த ஊர். பதினாறு வயதில் கடைத்தெருவில் பொரித்த மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் விற்கும் கடைக்கு வேலைக்குப் போனாள். இருபத்தொன்றில் அந்தக் கடைக்காரர் மகனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள், உறுதிமொழியில் 'கீழ்ப்படிவேன்' என்ற சொல் எதற்கு என்று பாதிரியாரைப் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை விடவில்லை. பசி தாங்காமல் பாதிரியார் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். பிறகு நாற்பத்தைந்து வருடமாக அவள் நின்றது எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால். மீன் வாங்க வந்தவர்கள் மீனோடு ஒரு கருத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவளுக்குச் சரியான ஜோடி பக்கத்து வீட்டு மால்கம் ஃபிரித். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். வேலிச் செடியை எந்த மாதம் வெட்டுவது, இந்த வருடக் குளிர் போன வருடக் குளிரைவிடக் கடுமையா, எதுவானாலும் சரி. ஆளுக்கொரு கோப்பைத் தேநீரைக் கையில் ஆறவிட்டபடி வாதாடுவார்கள். மால்கமின் மனைவி ஹெஸ்டர் ஜன்னலைத் திறந்து "இன்னும் முடியலையா?" என்று கேட்டால்தான் கலைவார்கள்.

2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிவதா வேண்டாமா என்று நாடு ஓட்டுப் போட்டது. பெவர்லி பிரியலாம் என்ற சுவரொட்டியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். மால்கம் ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்ற சுவரொட்டியை வீட்டு ஜன்னலில் ஒட்டினார். அதுவரைக்கும் ஒன்றுமில்லை. பிரியலாம் கட்சி ஜெயித்து முடிவு வந்த மறுநாள்தான் பெவர்லியின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"என்ன மால்கம், ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டீங்க, இது வர்றது மட்டும் உங்க கண்ணுல படலையா?"

மால்கம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தினது சாத்தினதுதான். மீன் வாங்கப் பக்கத்து டவுனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். அந்த டவுன் கடைக் காகிதத்தை அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் பார்த்தபோது பெவர்லிக்கு வயிறு எரிந்தது. பதிலுக்கு அவளும் டவுனில் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அதைப் போட்டால் படிக்கட்டெல்லாம் சறுக்குமரம்போலத் தெரிந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து, குளிர்காலத்தில் லென் இறந்தான். மால்கமும் ஹெஸ்டரும் தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார்கள். ஹெஸ்டர் மட்டும் வந்து பெவர்லியின் கையைப் பிடித்தாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் இடையே குப்பைத் தொட்டி என்றைக்கு வெளியே வைப்பது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. லெனின் "இருக்கலாம்"கூட இல்லாத வீட்டில், பெவர்லி ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ பதில் சொல்லுமா?

போன இலையுதிர் காலத்தில் ஊர்க் கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. கூடத்துக் கமிட்டித் தலைவி டாஃப்னி ஓல்டர்ஷா, கூரைக்குப் பணம் சேர்க்க ஒரு பட்டிமன்றம் வைக்கலாம் என்று முடிவு பண்ணினார். தலைப்பு: பிரெக்ஸிட்டால் நாட்டுக்கு நன்மை விளைந்ததா? மத்தியானம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பெவர்லியின் கடைக்கு வந்தார்.

"நீ ஒரு பக்கம், மால்கம் ஒரு பக்கம்."

"அவ்வளவுதானே? நன்மைதான்னு பத்து நிமிஷத்துல நிரூபிச்சிடுறேன்."

"அதுதான் கிடையாது. நீ சொல்லப்போறது ஊருக்கே மனப்பாடம். அதைக் கேக்க எவன் டிக்கெட் வாங்குவான்? நீ நன்மை இல்லைன்னு பேசணும். மால்கம் நன்மைதான்னு பேசுவார்."

பெவர்லி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த மனுஷன் செத்தாலும் ஒத்துக்க மாட்டார்."

"அவர் ஒத்துக்கிட்டாச்சு. பெவர்லிக்குத்தான் அந்தத் தைரியம் வராதுன்னு சொன்னார்."

பெவர்லி அந்த நிமிடமே சம்மதித்தாள். டாஃப்னி அங்கிருந்து நேராக மால்கம் வீட்டுக்குப் போய், இதே வார்த்தைகளைப் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

சம்மதித்தாளே தவிர, ஒரு வரி ஓடவில்லை. எந்தக் குறையை எடுத்தாலும் அதற்குப் பதில் தானாக வாயில் வந்து நின்றது. அப்படி இருக்கையில் ஒருநாள் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த மால்கம், அவள் பக்கம் பார்க்காமலேயே பேசினார்.

"மூணு நாளா உக்காந்து யோசிக்கிறேன். ஒரு நன்மையும் அகப்படலை. பாஸ்போர்ட் அட்டை பழையபடி நீலமா மாறிச்சுன்னு ஒண்ணு வச்சிருந்தேன். அதை ஒன்றியத்துக்குள்ள இருந்துக்கிட்டே மாத்தியிருக்கலாமேன்னு ஹெஸ்டர் அடிச்சுட்டா."

"நீல பாஸ்போர்ட்டா? அதை வச்சுக்கிட்டு மேடை ஏறினீங்கன்னா என் மானம் போயிடும்."

"பேசப்போறது நான். உங்க மானம் எப்படிப் போகும்?"

"என் கட்சிக்குத்தானே பேசுறீங்க? இப்படி அரைகுறையாப் பேசித் தோக்கடிக்கலாம்னு திட்டமா?"

"அப்படின்னா நீங்களே சொல்லிக்குடுங்க" என்றார் மால்கம். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெவர்லி வேலியைச் சுற்றி நடந்து அவர் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. ஹெஸ்டர் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள்.

"முதல் விஷயம்" என்றாள் பெவர்லி. "யாரைத் திட்டணும்னு இப்போ நமக்குத் தெரியுது. முன்னாடி எது கெட்டுப்போனாலும், பிரசெல்ஸ்ல ஒன்றியத்துக்காரன் போட்ட சட்டம், நாங்க என்ன பண்றதுன்னு மந்திரிங்க கையை விரிச்சிடுவாங்க. இப்போ ஒளியறதுக்கு இடமில்லை. பிடிக்கலைன்னா அடுத்த தேர்தல்ல வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினோமா இல்லையா?"

மால்கம் எழுதிக்கொண்டார். சொத்தைப் பல்லில் ஐஸ் பட்டதுபோல இருந்தது அவர் முகம். "நல்ல வாதமாத்தான் இருக்கு" என்று முனகினார்.

"அடுத்தது தடுப்பூசி. கொரோனா காலத்துல அதுக்கு நாமதான் முதல்ல அனுமதி குடுத்தோம்."

"உள்ள இருந்திருந்தாலும் குடுத்திருக்கலாம். அவசரத்துக்குன்னு அவங்க சட்டத்துலயே இடம் இருந்துச்சு."

"ஐயா கண்ணாடிக்காரரே, அது என் பக்கத்து வாதம். சனிக்கிழமை அதை நான் சொல்லிக்கிறேன். அப்படி ஒரு சட்டமே இல்லாத மாதிரி பேசுறதுதான் உங்க வேலை."

ஹெஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அமெரிக்கா வரி போட்டபோது பெரும்பாலான சரக்குக்கு தங்கள் நாட்டுக்குப் பத்து சதவீதம், ஒன்றியத்துக்குப் பதினைந்து என்பதையும் பெவர்லி எழுத வைத்தாள். பிறகு முறை மாறியது.

"பொருளாதாரம்" என்று ஆரம்பித்தார் மால்கம். "பிரியாம இருந்திருந்தா நாடு இருந்திருக்க வேண்டிய நிலையைவிட நாலு சதவீதம் கீழ போகும்னு அரசாங்கம் வச்ச நிபுணர் குழுவே சொல்லுது."

"இருந்திருந்தா, இருந்திருந்தான்னு. லெனைக் கட்டாம இருந்திருந்தா நானும்தான் இளவரசியா இருந்திருப்பேன்."

"அதை இப்படிக் கேலியாச் சொல்லக்கூடாது பெவர்லி. மனசு உடைஞ்ச மாதிரி சொல்லணும்."

"எனக்குத்தான் உடையலையே."

"நடிங்க. கருகின மீனை நல்லா வெந்திருக்குன்னு சொல்லி வித்தப்போ நடிக்கலையா?"

அவள் மேசையில் அடித்த அடியில் அதன் மேல் இருந்த கோப்பை தள்ளாடியது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ இளகியது. மால்கம் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடியை எந்த மடையன் போட்டுவிட்டான்? வலது பக்கம் கோணலா இருக்கு" என்று கழற்றி வாங்கி, சின்னத் திருப்புளியால் சரிசெய்து மாட்டிவிட்டார். அன்று முதல் சனிக்கிழமைவரை தினமும் கடை திறப்பதற்கு முன்னால் பாடம் நடந்தது. இரண்டு பேரும் மற்றவரைச் சரியாகப் பேசத் தெரியாத ஜென்மம் என்று ஹெஸ்டரிடம் தனித்தனியாகப் புகார் சொன்னார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கூடம் நிரம்பிவிட்டது. மழை வேறு. மேடைக்குப் பக்கத்தில் இரண்டு வாளிகளில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டாஃப்னி அவற்றை வேண்டுமென்றே கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்தார்.

பெவர்லி முதலில் எழுந்தாள். மால்கம் சொல்லிக்கொடுத்தபடி அந்த நாலு சதவீதத்தைச் சொன்னாள். பிரிந்தால் நாம் மீன் பிடிக்கும் கடல் நமக்கே என்றார்கள், கடலும் வந்தது, ஆனால் நான் பொரிக்கும் மீன் அன்றும் நார்வேயிலிருந்துதான் வந்தது, இன்றும் அங்கிருந்துதான் வருகிறது, விலைதான் ஏறிவிட்டது என்றாள். ஐரோப்பிய ஆட்கள் வராமல் போனதால் பறிக்க ஆளில்லாமல் வயலிலேயே முற்றி அழுகிய காலிஃப்ளவரைச் சொன்னாள். விவசாயிகள் வரிசை தலையாட்டியது. பிறகு, பாடத்தில் இல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"என் கடையில ராசான்னு ஒரு லித்துவேனியாப் பொண்ணு ஏழு வருஷம் வேலை பார்த்தா. என்னைவிட நல்லாப் பொரிப்பா. அவளுக்கு இங்கேயே இருக்க உரிமை இருந்துச்சு, ஒருத்தரும் போகச் சொல்லலை. ஆனா ஒருநாள் போறேன்னு வந்து நின்னா. வெளிநாட்டு ஆள் அதிகம்னு நாங்க சொன்னது உன்னை இல்லையேம்மான்னேன். அப்போ யாரைச் சொன்னீங்கன்னு கேட்டா. நான் சட்டியில மீனைத் திருப்பிப் போட்டேன்."

 எதற்கும் பதில் வைத்திருக்கும் பெவர்லி அதோடு உட்கார்ந்துவிட்டாள். ஊரார் எதிரிலேயே அதைச் சொல்லிவிட்டோமே என்று கையிலிருந்த தாளை மடித்து மடித்துப் பிரித்தாள்.

அடுத்தது மால்கம். யாரைத் திட்டுவது என்ற விஷயத்தை அவர் எடுத்த எடுப்பில் வைத்தார். கூடம் சிரித்தது, கை தட்டியது. அமெரிக்க வரியையும் சரியாகச் சொன்னார். அதற்குப்பின் தாளைப் புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார். "மூணாவது... மூணாவது என்னன்னா..." என்று நின்றுவிட்டார்.

பெவர்லி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். தன் கட்சி தன் கண் முன்னால் கவிழ்கிறது. பொறுக்க முடியவில்லை.

"தடுப்பூசி" என்றாள், மூன்றாவது வரிசைவரை கேட்கும்படி.

"ஆமா, தடுப்பூசி. நன்றி. நீங்க நாலு சதவீதத்தைச் சொன்னீங்களே, அது போக ஐரோப்பாவோட வியாபாரம் குறைஞ்சதை விட்டுட்டீங்க" என்றார் மால்கம்.

"அட, ஆமா. அதையும் சேத்துக்குங்க" என்றாள் பெவர்லி சபையைப் பார்த்து.

யார் யாருக்குப் பேசுகிறார்கள் என்பது அங்கே யாருக்கும் புரியாமல் போனது அப்போதுதான். டாஃப்னி மணியடித்துக் கையைத் தூக்கச் சொன்னார். நாலைந்து கை வித்தியாசத்தில் மால்கம் ஜெயித்தார். பிரெக்ஸிட்டால் நன்மைதான் என்று ஸ்கெல்பி தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தார் காலிஃப்ளவர் விவசாயி கீத். "பெவர்லி நம்ம கட்சியாச்சேன்னு நான் பெவர்லிக்குத் தூக்கிட்டேன்."

"இன்னிக்கு இல்லை கீத்."

"அப்போ நான் எதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்?"

பின்வரிசையில் ஒரு அம்மாள், மால்கம் நம்ம ஆள் என்று நினைத்துத் தூக்கிவிட்டேனே என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். பெவர்லிக்குத் தோற்றுப் பழக்கமில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"பாத்தீங்களா டாஃப்னி? எதுக்குப் போடுறோம்னு தெரியாமலே ஜனங்க போட்டிருக்காங்க. பொய்யான நம்பிக்கையில போட்ட ஓட்டு செல்லாது. மறுபடியும் ஓட்டெடுப்பு நடத்தணும்."

2016இல் தோற்ற மால்கம் கட்சிக்காரர்கள் கேட்டதும் இதையேதான்; ஜெயித்த பெவர்லி கட்சிக்காரர்கள் அதற்குச் சொன்ன பதில் ஊருக்கே மனப்பாடம். மால்கம் மெல்லத் திரும்பினார். மீன் பொட்டலத்தைப் பார்த்த சிறுபிள்ளையின் முகம்போல ஆகியிருந்தது அவர் முகம்.

"ஜனங்க தீர்ப்புச் சொல்லிட்டாங்க பெவர்லி" என்றார் நிதானமாக. "தோத்தவங்க ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

பிறகு எழுந்த சிரிப்பில் டாஃப்னியின் மணி கேட்கவே இல்லை. தான் என்ன சொன்னோம் என்பது பெவர்லிக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் முகம் சிவந்தது. கடைசியில், எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அவள்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதுக்காக எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்பது" என்றார் மால்கம். "ஒவ்வொரு நாளும்."

கூரைக்குத் தேவையான பணத்தில் பாதிதான் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு கூரைக்குத் தகரம் போடுவதா ஓடு போடுவதா என்று இப்போது கமிட்டியில் சண்டை நடக்கிறது. பெவர்லி ஓடு, மால்கம் தகரம்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பெவர்லிக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. கடைக்கு வந்து யாராவது பிரெக்ஸிட்டால் எல்லாம் நாசம் என்றால், கரண்டியை ஆட்டியபடி தடுப்பூசியிலிருந்து ஆரம்பிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஒரு லாரி டிரைவர் வந்து, அதனால் எல்லாமே நல்லதுதான் நடந்தது என்றான். அவனை நிற்க வைத்து நாலு சதவீதத்தைப் புரியவைத்தாள். சிப்ஸ் ஆறிப்போனது.

"நீங்க எந்தப் பக்கம்மா ஓட்டுப் போட்டீங்க?" என்று குழம்பிப்போய்க் கேட்டான் அவன்.

"பிரியலாம்னுதான் போட்டேன் தம்பி. நாளைக்கே வச்சாலும் அதையேதான் போடுவேன்."

"அப்புறம் ஏன் என்கூடச் சண்டை போடுறீங்க?"

"ஓட்டு சரிதான். நீ சொல்ற காரணம்தான் மட்டமா இருக்கு" என்றாள் பெவர்லி. ஆறின சிப்ஸைக் கொட்டிவிட்டு, சூடாக வேறு போட்டுக் கொடுக்கத் திரும்பினாள்.