தாயார் பெயர் கேட்ட கட்டம்

போன வருஷம் ஆனி மாதம் நடந்தது இது. ஆரல்வாய்மொழியில் அந்த மாதம் காற்று தொடங்கிவிட்டால் சன்னலைத் திறந்துவைக்க முடியாது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். என் கணவரின் மகள் இங்கே வருவதற்கு விசா விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

கணவர் முன்பு இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்தவர். அங்கே இருக்கும்போதே முதல் திருமணம் முறிந்தது. மகள் அம்மாவோடு அங்கேயே வளர்கிறாள். அந்த நாட்டுப் பாஸ்போர்ட். இவர் ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். என்னைக் கல்யாணம் பண்ணும்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு அதுதான் முதல் கல்யாணம். பிள்ளை கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து. ஞாயிறுதோறும் வீடியோவில் அப்பாவோடு பேசுவாள். நான் பின்னால் கடந்து போனால் "ஹாய் ஆன்ட்டி" என்பாள். நானும் கையாட்டுவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். அப்பா ஊர் திரும்பி ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, பள்ளி லீவுக்கு வருகிறேன் என்று அவளே சொன்னாள். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

கணவருக்கு டியூட்டி மாறிமாறி வந்துகொண்டிருந்தது. "ஏட்டி, நீயே அந்த ஃபாரத்த நிரப்பி அனுப்பிரு. உனக்குத் தெரியாத ஃபாரமா?" என்றார்.

சொன்னது நியாயம்தான். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளைச் சேர்க்கிற விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிற ஆள்.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் மளமளவென்று போயிற்று. தகப்பனார் பெயர் போட்டேன். அடுத்தது தாயார் பெயர். அங்கே கை நின்றுவிட்டது.

அவளுடைய அம்மா பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. பிறப்புச் சான்றிதழ் பக்கத்திலேயே கிடந்தது. இருந்தும் என் பெயரை அடித்தேன். வரப்போவது இந்த வீட்டுக்கு, அப்பாவின் மனைவி நான், அப்படியானால் நான்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால் அது காரணமில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தில் யார் யார் பெயரையோ பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை என் பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அழிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. விசா இல்லை. கொடுத்த விவரமும் சான்றிதழும் ஒத்துப்போகவில்லை என்று ஒரே வரி. அவள் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ அம்மா ஃபாரத்தோட காப்பிய கேக்கா. எங்க தப்புன்னு பாக்கணுமாம். அனுப்பி வையி" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

புதிதாக ஒரு ஃபாரத்தைச் சரியாக நிரப்பி, அந்தக் காப்பியை அனுப்பிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குப் பத்து நிமிஷ வேலை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று பகல் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். கடைசியில் அவள் கேட்டது மட்டும் சுத்தமான தமிழில் இருந்தது. "அப்பா, நான் வர்றது அங்க யாருக்காவது பிடிக்கலியா?"

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. செய்ததைச் சொன்னேன். அவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. பிறகு, "இத நான் அவ அம்மாகிட்ட சொன்னா வேற மாதிரி ஆயிரும். நீயே பேசுதியா?" என்றார்.

அந்த அம்மாவிடம் நான் அதுவரை பேசியதே இல்லை. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாமல் "ஹலோ" என்றேன். நான் யார் என்று சொன்னேன். தாயார் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன், தெரியாமல் போடவில்லை, ஆசைப்பட்டுப் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அந்த இடத்தில என் பேருதான் வரணும்" என்றார். குரல் உயரவில்லை. "அத நான் ஆருக்கும் விட்டுத் தரமாட்டேன். கேட்டியளா?"

"கேட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க. பிள்ள அங்க வாறது பிடிக்காம நீங்கதான் என்னமோ செஞ்சுபோட்டியன்னு நான் நெனச்சேன். ரெண்டு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல. அப்படி இல்லன்னு இப்பம் தெரிஞ்சுதே, அது போதும்."

பிறகு, "ஒரு பேனா எடுத்துக்கிடுங்க" என்றார். புது ஃபாரத்துக்கு விவரம் சொல்லப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன். அவர் சொன்னது வேறு. காரில் முன் சீட்டில் உட்காரவைக்க வேண்டும், இல்லையென்றால் வாந்தி எடுப்பாள். முள் உள்ள மீன் தின்னத் தெரியாது. மாதத்தில் இரண்டு நாள் வயிற்று வலி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். "அப்பாகிட்ட சொல்லமாட்டா, வெக்கப்படுவா. நீங்கதான் பாக்கணும்." பேசி முடிக்கும்போது பள்ளி நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது.

மறுநாளே அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் மெயிலில் வந்தது. மகள் இந்தியாவில் இருக்கும் நாட்களில் அவள் தகப்பனாரும் அவருடைய மனைவியும் பொறுப்பு என்று எழுதி, என் பெயரை இனிஷியலோடு முழுதாகப் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. புது விண்ணப்பத்தைக் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து அனுப்பினேன். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது விசா வந்தது.

அவள் வந்தாள். மூன்று வாரம் இருந்தாள். ஒருநாள் திற்பரப்பு அருவிக்குப் போனோம். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "மகளா? ஒங்க சாயலே இல்லியே" என்றார். நான் என்ன சொல்வதென்று திகைப்பதற்குள் அவளே சொன்னாள். "இவங்க எங்க அப்பாவோட வைஃப். எங்க அம்மா இங்கிலாந்தில இருக்காங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குச் சரியாகத் தெரியாது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பாறையில் பைய அடிவைத்துத் தண்ணீருக்குள் இறங்கினாள். அந்தப் பதில் என்னைக் குத்தும் என்று எப்போதும் பயந்திருக்கிறேன். குத்தவில்லை.

அவளுடைய அம்மாவை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அன்று என்னைத் திட்டிவிட்டுப் போனை வைத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ தன்னுடைய இடத்தைத் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தன் பிள்ளையை நம்பித் தந்தார், அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவளாக இருந்தால் போதும் என்றுதான் இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.