பன்னிரண்டாம் வளைவில் நிற்பவள்

கம்பத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகளில், கர்ணன் ஓட்டும் ஜீப்பில் மட்டும் இடம் பிடிக்கப் பெண்கள் முண்டியடிப்பார்கள். வண்டி ஒன்றும் புதிதில்லை. பின்கதவே கயிற்றில்தான் நின்றது. ஆனால் அதில் கஸ்தூரியம்மாள் வருவாள்.

நாற்பத்தேழு வயது. ஒல்லி உடம்பு, ஓயாத கை. உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். புருஷன் அழகுமலை லாரியோடு வடக்கே போனவன் திரும்பவில்லை. மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். அந்த வீட்டின் அமைதி அவளைப் பிடுங்கித் தின்றது. வேலை விட்டு வந்ததும் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, பேய்ப் படம் பார்த்தபடியே உலை வைப்பாள். மலையாளம், தெலுங்கு, கொரியா என்ற பேதமே கிடையாது. பார்த்த படம் மறுநாள் காலை ஜீப்பில் அவள் வாய்வழியாக ஓடும்.

அது பொழுதுபோக்காகத் தொடங்கியதில்லை. சில வருஷங்களுக்கு முன் வேறொரு மலைப்பாதையில் ஒரு ஜீப் உருண்டது. அந்தச் செய்தி வந்த வாரம், கம்பம் மெட்டு ஏறும்போது பதினான்கு பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் பள்ளத்தையே பார்த்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் கஸ்தூரி முதல் பேயை ஜீப்புக்குள் ஏற்றினாள். தோட்டம் வந்ததே யாருக்கும் தெரியவில்லை.

"ஏன்க்கா, உள்ள பயம் பத்தாதுன்னு காசு குடுத்து வேற பயப்படணுமா?" என்று கர்ணன் கேலி செய்வான்.

"ஏலே, வீரபாண்டித் திருவிழாவுல ராட்டினத்துல ஏறி ஆத்தா ஆத்தான்னு அலறுனியே, எதுக்கு? எறங்கி வந்து மறுபடி ஒரு சீட்டு வாங்குனியே, அது எதுக்கு?"

"அதுல விழ மாட்டோம்ல."

"அம்புட்டுத்தான். இல்லாததுக்குப் பயந்தா மனசு லேசாகும். இருக்கறதுக்குப் பயந்தா கனக்கும். நான் உங்களுக்கு லேசான பயமாப் பாத்துத் தர்றேன்."

அந்த ஆடி மாதம் பார்க்கப் புதுப்படம் எதுவும் கிடைக்கவில்லை. அவளே ஒன்றைக் கட்டினாள். ஏதோ ஒரு படத்தில், மலை பங்களாவில் பார்த்த பேயைக் கொண்டுவந்து, கம்பம் மெட்டின் பன்னிரண்டாம் வளைவில் நிறுத்தினாள். வெள்ளை உடுப்பு, விரித்த தலை, வண்டியை மறிக்கும் கை. நிறுத்தினால் உயிர் போகும்.

"நெசமாவா மதினி?" என்று மாரீஸ்வரி, ஜீப்பிலேயே இளையவள், வாயைப் பிளந்தாள்.

கதை சொல்லும் எவருக்கும் அந்த ஒரு கேள்வி போதையல்லவா! "பொய்யா சொல்றேன்? பாத்தவுக சொன்னாக" என்றாள் கஸ்தூரி.

பத்தே நாளில் மற்ற ஜீப்புகளுக்கும் கதை பரவியது. பன்னிரண்டாம் வளைவு வந்தால் கர்ணனே முருகா என்று முணுமுணுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தொடங்கினான்.

அன்று காலை சாரலும் மஞ்சும். முகப்பு விளக்குக்கு முன்னால் நான்கு முழத்துக்கு மேல் பாதை தெரியவில்லை. வளைவு நெருங்க நெருங்க, கஸ்தூரி குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தாள்.

"அங்கன... மைல் கல்லுப் பக்கத்துல..."

நின்றது. வெள்ளையாக நின்றது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பாதையின் நடுவே ஓடி வந்தது.

ஜீப்பே அலறியது. கர்ணன் ஒரு கணம் வேகத்தைக் குறைத்தான். அடுத்த கணம் வண்டியை ஒடித்து, அந்த உருவத்தை உரசாத குறையாகத் தாண்டிப் பறந்தான். மாரீஸ்வரி கஸ்தூரியின் மடியில் விழுந்து நடுங்கினாள். "மதினி, நீ சொன்னது அம்புட்டும் நெசம்!"

கஸ்தூரியின் ரத்தம் உறைந்தது அந்த வார்த்தையில்தான். அந்த ஜீப்பில் அவள் ஒருத்திக்குத்தானே தெரியும், பன்னிரண்டாம் வளைவில் பேய் கிடையாது என்று!

"நிப்பாட்டுலே கர்ணா."

"பைத்தியமாக்கா உனக்கு?"

"அது பொம்பளைலே. கால்ல ரப்பர் செருப்பு கெடந்துச்சு. நான் பாத்தேன்."

"நேரமாச்சுன்னா கங்காணி அரை நாளை வெட்டிருவாக" என்றது ஒரு குரல். "செருப்புப் போட்ட பேயி இருக்காதாக்கும்?" என்றது இன்னொன்று. கர்ணன் இன்னும் ஒரு வளைவைக் கடந்துவிட்டிருந்தான். கஸ்தூரி பின்கதவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "நிப்பாட்டுறியா, குதிக்கட்டுமா?"

வண்டி நின்றது. அவளோடு யாரும் இறங்கவில்லை.

இரண்டு வளைவுகள் கீழே நடக்க வேண்டும். நாலடி போனதும் ஜீப் மஞ்சுக்குள் மறைந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த விபரீதம் நடந்தது. பயம் வந்தது. தானே கட்டிய பேய்க்கு, தானே வெள்ளை உடுத்தி நிற்கவைத்த ஒன்றுக்கு, அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் என்று புத்திக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. ஏலச்செடியிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட யாரோ பின்னால் நடப்பதாகக் கேட்டது. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நடந்தபடியே, தான் பார்த்த படங்களையெல்லாம் நினைத்தாள். இடைவேளை வரைதான் அது பேய். அப்புறம் பழைய கதை வரும். பேயானவள் யார், அவளை யாரெல்லாம் கைவிட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். அதுவரை அலறிய பெண்களே மூக்கைச் சிந்தி அழுவார்கள். எத்தனை படம் பார்த்திருப்பாள்! ஒன்றிலாவது, அந்தப் பேய்ப்பெண் உயிரோடு இருந்தபோது யாராவது வண்டியை நிறுத்தியிருக்கிறார்களா?

கஸ்தூரி ஓடினாள்.

மைல் கல்லின் அடியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மழைக்குத் தலையில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் தாள், சேறு அப்பிய முகம், அவிழ்ந்த கூந்தல். கஸ்தூரியைப் பார்த்ததும் அவள்தான் பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஆத்தா, நான் மனுசிதான்த்தா. என்ன ஆச்சு?"

அவள் பெயர் ஜாய்ஸ். மேலே ஒரு தோட்டத்தில் வேலை. கணவன் கார்த்திக்ராஜோடு கம்பத்துக்கு இறங்கும்போது ஸ்கூட்டர் வழுக்கி, அவன் தடுப்புக் கல்லுக்கு அப்பால் சரிவில் உருண்டுவிட்டான். கால் பாறையிடுக்கில் சிக்கியிருந்தது. செல்போன் அவனோடு போய்விட்டது.

"மூணு ஜீப்பு போச்சு சேச்சி" என்றாள் ஜாய்ஸ். "மூணும் என்னைப் பாத்துச்சு."

மூன்று! கஸ்தூரி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வேரைப் பிடித்தபடி சரிவில் இறங்கினாள். அவனுக்கு நினைவு இருந்தது. "என்னை விட்டுப் போயிராதீக" என்று மட்டும் சொன்னான். முந்தானையைக் கிழித்து அந்தக் காலை அவள் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, மேலே வண்டிச் சத்தம் கேட்டது. கர்ணனின் ஜீப் பின்பக்கமாகவே இரண்டு வளைவும் இறங்கி வந்திருந்தது. பெண்கள் பொலபொலவென்று குதித்தார்கள். பேய்க்குப் பயந்த அதே பதினான்கு பேரின் கைகள்தான் அவனைத் தூக்கி மேலே கொண்டுவந்தன.

கம்பத்து ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா பாதம் தப்பியிருக்குமா?" என்று கஸ்தூரி டாக்டரைக் கேட்டாள். அவர் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பாள். இந்தப் பதில் அவளை வராந்தாவில் மேலும் கீழுமாக நடக்கவைத்தது.

கடைசியில் ஜாய்ஸின் எதிரில் போய் நின்றாள்.

"ஜாய்ஸு, அங்கன ஒரு பேயி நிக்கிதுன்னு நான்தான் கதை கட்டுனேன். அது மூணு ஜீப்புக்கும் பரவிருச்சு. அதனாலதான் யாரும் நிக்கல."

ஜாய்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று கஸ்தூரி காத்திருந்தாள். அதற்காகக் கன்னம் தயாராக இருந்தது.

"உங்க வண்டி என் பக்கத்துல வந்து மெதுவாச்சு சேச்சி. காப்பாத்த வந்துட்டாகன்னு ஓடியாந்தேன். கண்ணாடிக்குள்ள பாத்தா, அத்தனை மொகம். எல்லாம் வாயத் தொறந்து என்னைப் பாத்துக் கத்துது. நான் செத்துப்போயிட்டேனோன்னு நெனச்சேன். எனக்குத் தெரியாமயே நான் செத்துட்டேனோ, அதான் எல்லாரும் பயப்படுறாகளோன்னு." அவள் கையை நீட்டினாள். "என் கையை நானே கடிச்சுப் பாத்தேன்."

மணிக்கட்டில் பல்தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. எந்தப் படத்திலும் கஸ்தூரி அதைவிடப் பயங்கரமான ஒன்றைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வண்டியிலும் சொன்னாள். "அங்கன பேயி இல்ல. நான் கட்டுன பொய்யி அது."

யாரும் நம்பவில்லை!

"அதுக்குப் பயந்துக்கிட்டு மாத்திப் பேசுது கஸ்தூரி" என்றார்கள். "எங்க மாமா கண்ணாலயே பாத்திருக்காரு, நீ என்ன பொய்யின்னு சொல்றது?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். முந்தாநாள் வரை அவள் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் வேதமாகப் பிடித்தவர்கள், உண்மையைச் சொன்னபோது அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கஸ்தூரிக்கு நெஞ்சு கொதித்தது. கர்ணனின் ஜீப்பில் ஏறியவள், பன்னிரண்டாம் வளைவு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்குக்கா?"

"நீ போயிரு. நான் இன்னொரு வண்டியில வாரேன்."

"கையில என்ன பிளாஸ்டிக் தாளு? ஏய் மதினி, வேணாம்!" என்று மாரீஸ்வரி கூவியது வளைவுக்கு அப்பால் தேய்ந்தது.

கஸ்தூரி வெள்ளைத் தாளைத் தலையில் மாட்டினாள். மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. முதல் ஜீப் வந்தது. இரண்டு கைகளையும் தூக்கி வீசினாள். உள்ளிருந்து அலறல் கேட்டது. வண்டி ஒடித்துத் திரும்பி, சேற்றை அவள்மேல் வாரி இறைத்துவிட்டுப் பறந்தது. கண்ணாடிக்குள் அந்த முகங்களை அவளும் பார்த்தாள். ஜாய்ஸ் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை.

சேற்றைத் துடைக்கவில்லை. மறுபடி கையைத் தூக்கினாள். இரண்டாவது ஜீப்பும் நிற்கவில்லை. தோள் வலித்தது. இன்றைக்குக் கூலி போச்சு, போகட்டும்.

மூன்றாவது ஜீப் வேகம் குறைத்தது. தாண்டியது. பத்தடி தள்ளி, என்ன நினைத்ததோ, நின்றது. பின் விளக்குகள் மஞ்சுக்குள் சிவப்பாக நடுங்கின. வெகுநேரம் யாரும் இறங்கவில்லை. பிறகு ஒரு பெண்குரல், அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில், கேட்டது:

"ஏத்தா... யாரு அது? எதுவும் அடிபட்டிருச்சா?"

"இல்லத்தா" என்றாள் கஸ்தூரி. தலையிலிருந்த தாளைக் கழற்றினாள். "நான் கம்பத்துக் கஸ்தூரி. கொஞ்சம் ஏத்திக்கங்க."