இரண்டு சால்மன் தலைகள்

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த ஆண்டு, செப்டெம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் என்னைக் கள்ளனாக்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வுப்பர்டால் நகரில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் ஓர் ஆறு. அதில் நான்கு கிலோமீட்டரைத் தூண்டில்காரர் சங்கம் ஒன்று குத்தகைக்கு எடுத்திருந்தது. மீன்பிடி அனுமதிக்கான பரீட்சை எழுதி, இரண்டு வருடம் காத்திருந்து அதில் சேர்ந்தேன். அங்கே ட்ரவுட் மீன் பிடிக்கலாம். சால்மன் தப்பித் தவறி மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். அந்த ஆற்றில் அழிந்துபோன சால்மனைச் சங்கம்தான் குஞ்சு விட்டு மறுபடி வளர்த்தது. மூன்று வசந்தகாலம் நானும் இடுப்பளவு குளிர்நீரில் நின்று வாளி வாளியாகக் குஞ்சு விட்டிருக்கிறேன்.

அன்று காலை மீன்கடைக்காரர் வழக்கம்போல எனக்கு இரண்டு சால்மன் தலைகளைச் சும்மா தந்தார். நோர்வேப் பண்ணை மீன். இந்த ஊர்க்காரர்கள் சதையை மட்டும் வாங்குவார்கள், தலை குப்பைக்குப் போகும். நல்ல குழம்புத் தலையை எறிகிறவர்களை என்ன சொல்வது! ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு நேரே ஆற்றுக்குப் போனேன்.

சற்று நேரத்தில் பெரிய சால்மன் ஒன்று மாட்டியது. தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி, அது தெம்பு பெறும்வரை பிடித்திருந்து, பிறகு நீந்த விட்டேன். அக்கரையில் நின்ற உறுப்பினர் மீன் மாட்டியதைப் பார்த்தாராம். நான் குனிந்து அதை விடுவித்ததைப் பார்க்கவில்லையாம். சங்கக் காவலருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

காவலர் வந்ததும் பெட்டியைத் திறந்தார்.

“சால்மன் திருடுவது குற்றம், தெரியும்தானே?”

“கடையில் தந்த தலைகள். உடம்பு எங்கே? பச்சையாக விழுங்கிவிட்டேனா?”

அவர் சிரிக்கவில்லை. பற்றுச்சீட்டுக் கேட்டார். சும்மா தந்த தலைக்கு எவன் பற்றுச்சீட்டுத் தருவான்? நிர்வாகக்குழு விசாரிக்கும் என்று சொல்லி என் அனுமதி அட்டையைப் பறித்துக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி, “விடுங்கோப்பா. உந்த ஆறு இல்லாட்டி உங்களுக்கு இருக்க ஏலாதே? ஏன் அவையளோட கொழுவிறியள்?” என்றாள்.

“ஆறு கிடக்கட்டும். கள்ளன் எண்டல்லோ சொல்லிப்போட்டாங்கள். பிழை எண்டு அவங்கள் ஒத்துக்கொள்ளாமல் நான் விடமாட்டன்.”

மூன்று கிழமை கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தலைகளைத் தந்தது தான்தான் என்று மீன்கடைக்காரர் எழுதித் தந்த கடிதத்தைச் சங்கத் தலைவர் படித்தார். “சரி, விஷயம் முடிந்தது” என்று அட்டையை மேசையில் என் பக்கம் தள்ளினார்.

“நான் திருடவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.”

“அதெல்லாம் தேவையில்லை.”

“உங்கள் நாட்டுக்காரர் ஒருவரின் பெட்டி என்றால் திறந்திருப்பீர்களா?”

காவலர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் இருமினார். தலைவர் எழுந்து கையை நீட்டினார்.

வழிநெடுக நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு. மன்னிப்புக் கேளுங்கள், இல்லாவிட்டால் அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதாக இருந்தேன். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். “டாங்கே” என்றும் சொன்னேன்.

அவர்கள் மேலிருந்த கோபம் இப்போது கொஞ்சம் தணிந்துவிட்டது. அந்த நன்றியைச் சொன்ன என் வாயைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.